ஒரே கோட்டில் அடிபட்ட சொல்

அத்தியாயம் பதினொன்று

வாயைக் கட்டிப்போட்டால் டூலிக்கு மூச்சு முட்டும். அப்படிப்பட்டவனை ஸ்டிக்னி அகராதி நிலையத்தின் இரண்டாம் மாடிக்கு இழுத்து வந்ததுதான், துப்பறியும் ஹெஸ்டர் க்வின்லன் தன் உதவியாளனுக்கு அதுவரை செய்த கொடுமைகளிலேயே பெரிய கொடுமை.

அந்த மாடியில் யாரும் பேசக் கூடாது. எண்பது வருஷமாக அதுதான் சட்டம். பன்னிரண்டு பேர் பன்னிரண்டு மேஜைகளில் குனிந்து உட்கார்ந்து, இங்கிலீஷ் சொற்களுக்குப் பொருள் எழுதிக்கொண்டிருந்தார்கள். யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமென்றால் உள்ளங்கை அகலச் சீட்டில் எழுதி எதிர் மேஜையில் வைக்க வேண்டும். பதிலும் சீட்டில்தான் வரும். தும்மினால்கூட மன்னிப்புக் கேட்டுச் சீட்டு அனுப்புகிற ஜனங்கள்.

மணி பத்து இருபது. வெளியே வெர்மான்ட் மாநிலத்து மார்ச் மாதம், பனியும் சேறுமாகத் தெருவை நாசம் பண்ணி வைத்திருந்தது. இரண்டு மணிக்குக் கோர்ட்டில் வினிஃப்ரெட் டோபி, "ஆமாம், நான்தான் குற்றவாளி" என்று நீதிபதி முன்னால் சொல்லப் போகிறாள். சொல்லிவிட்டால் அப்புறம் யார் தலைகீழாக நின்றாலும் ஒன்றும் செய்ய முடியாது.

விஷயம் இதுதான். நிலையத்தின் தலைவர் ஆல்டன் ஸ்டிக்னி, எழுபத்து நாலு வயசு, பத்து நாள் முன்பு தன் அறை நாற்காலியிலேயே இதயம் நின்று செத்துப்போனார். ஒஹாயோவிலிருந்து ஓடி வந்த மகள் ஜுடித், அப்பாவின் இதய மாத்திரை பாட்டிலைக் காணோம் என்று ஹெஸ்டரிடம் வந்தாள். போன வியாழக்கிழமை அதைக் கண்டுபிடித்தது சாட்சாத் டூலிதான். சுவர் முழுக்க அடுக்கியிருக்கும் சீட்டுப் பெட்டிகளில், டபிள்யூ எழுத்துப் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தது. பாட்டில் நிறைய மாத்திரை, ஒன்றுகூடக் குறையவில்லை. மறுநாளே ஷெரீஃப் பர்டிக் வந்து, அங்கே முப்பது வருஷமாக வேலை பார்க்கும் வினிஃப்ரெட்டைக் கைது செய்தார். அவள் மறுக்கவே இல்லை. ஒரு தாள் கேட்டாள், நாலே வரியில் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தாள்.

அந்த வாக்குமூலத்தின் நகல்தான் இப்போது ஹெஸ்டரின் கையில் இருந்தது.

"ஆல்டன் ஸ்டிக்னியின் மாத்திரைகள் எங்கே இருந்தன என்று எனக்குத் தெரியும். நான் அதை மறைத்தேன். அவர் இறந்ததற்கு நானே காரணம். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை."

இதில் 'மறைத்தேன்' என்ற சொல் மேலே பொடி எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே முதலில் எழுதிய 'ஒளித்தேன்' ஒரே ஒரு கோட்டால் அடிக்கப்பட்டிருந்தது. இங்கிலீஷில் மறைத்தேன் என்பது கன்சீல், ஒளித்தேன் என்பது ஹைட். ஓரத்தில் அவள் பெயரின் முதலெழுத்துகள், தேதி, பக்கத்தில் 3 என்று ஓர் எண். பயத்தில் கை தடுமாறியிருக்கிறது என்று ஷெரீஃப் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஹெஸ்டர் அதையே அரைமணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். டூலிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு சீட்டை எடுத்து, 'இங்கே பாத்ரூம் எங்கே இருக்கிறது?' என்று கிறுக்கி, மூத்த பதிப்பாசிரியர் ஹாஸ்கெல்லின் மேஜையில் வைத்தான். போ டை கட்டிய அந்தக் கிழவர் சீட்டைப் படித்தார், பென்சிலைச் சீவினார், ஏதோ செய்து திருப்பித் தந்தார். 'இங்கே' என்ற சொல்லை ஒரே கோட்டில் அடித்திருந்தார். ஓரத்தில் தன் முதலெழுத்துகளும் தேதியும் போட்டிருந்தார். கீழே, 'வேறெங்கோ உள்ள பாத்ரூமை என்னிடம் கேட்க மாட்டீர்கள். ஆகவே முதல் சொல் தேவையில்லை. கீழ் மாடி, இடப்பக்கம்.'

டூலி பல்லைக் கடித்தான். ஹெஸ்டர் சட்டென்று அந்தச் சீட்டைப் பிடுங்கி வாக்குமூலத்தின் பக்கத்தில் வைத்தாள். அதே ஒற்றைக் கோடு, அதே ஓரக் குறிப்பு.

அவள் ஒரு சீட்டு எழுதினாள். 'ஏன் ஒரே கோடு?'

ஹாஸ்கெல் பதில் எழுதினார். 'அடித்த சொல்லும் படிக்கத் தெரிய வேண்டும். எதை வேண்டாமென்று விட்டோம் என்பது பின்னால் வருகிறவருக்கும் தெரிய வேண்டுமல்லவா?'

'பக்கத்தில் 3 என்று போட்டால்?'

கிழவர் அந்தச் சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுதினார். 'புதிய சொல்லுக்கு மூன்று ஆதாரச் சீட்டுகள் கோப்பில் இருக்கின்றன என்று அர்த்தம். மூன்றுக்குக் குறைந்தால் ஒரு சொல்லை மாற்ற இங்கே யாருக்கும் உரிமை இல்லை.'

ஹெஸ்டர் எழுந்தாள். டூலியின் சட்டைக் காலரைப் பிடிக்காத குறையாக அவனைப் பின்படிக்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அங்கே பேசலாம்.

"அப்பாடா!" என்றான் டூலி. "இன்னும் அஞ்சு நிமிஷம் விட்டிருந்தா எனக்கும் ஒரு மாத்திரை தேவைப்பட்டிருக்கும், பாஸ்."

"கேளு. கை தடுமாறி அடிக்கலை அவ. யோசிச்சு அடிச்சிருக்கா. ஷெரீஃப் என்ன சொல்லியிருப்பார்? 'ஒளிச்சு வெச்சேன்னு எழுது'ன்னு சொல்லியிருப்பார். அவளும் எழுதிட்டா. எழுதினதும் பொறுக்கலை. தூக்குல போடற காகிதமா இருந்தாலும் தப்பான சொல்லை விட மனசு வரலை அவளுக்கு."

"ஒளிச்சேன், மறைச்சேன். ரெண்டும் ஒண்ணுதானே? சின்ன வயசுல எங்கம்மாவோட கேக்கை நான் ஒளிச்சு வெச்சப்ப, மறைச்சேன்னு சொல்லியிருந்தா அடி கம்மியா விழுந்திருக்குமா?"

"உனக்கு ஒண்ணு. முப்பது வருஷமா அந்த மாதிரி சொல்லுங்களுக்கு நடுவுல வேலி போடறதே பொழைப்பா வெச்சிருக்கறவளுக்கு?"

வழக்கமாக இந்த இடத்தில் டூலியிடமிருந்து இன்னும் இரண்டு கிண்டல் வரும். வியாழக்கிழமையிலிருந்து அவனுக்குக் கிண்டல் பாதியிலேயே நின்றுபோகிறது. அதற்குக் காரணம் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

"இன்னொண்ணு," என்றாள் ஹெஸ்டர். "பாட்டில்ல போட்டிருந்த தேதி ஜனவரி முப்பது. அவர் செத்தது மார்ச்சுல. ஆறு வாரம் மாத்திரையைக் காணோம்னா ஒரு மனுஷன் கத்த மாட்டானா?"

"இந்த ஆபீஸ்ல கத்தக் கூடாதே."

"டூலி!"

"சரி, சரி. கிழவருக்கு ஞாபக மறதின்னு ஷெரீஃப் சொன்னாரே?"

"ஞாபக மறதின்னே வெச்சுக்கோ. அவரைக் கொல்லணும்னு நினைக்கறவ மாத்திரையை என்ன பண்ணுவா? ஆத்துல வீசுவா. பின்பக்கம் ஆறுதான் ஓடுது. ஒரு பொருளைப் பத்திரமா ஒரு இடத்துல வெக்கறவன் அதைத் திரும்ப எடுக்கலாம்னு நினைக்கறவன். வா, அந்த மூணு சீட்டையும் தேடுவோம்."

மறுபடி மௌனம். டூலி புத்திசாலித்தனமாக நேரே சி எழுத்துப் பெட்டிகளிடம் போனான். கன்சீல் சி-யில்தானே இருக்க வேண்டும்? இருந்தது. ஒரு முழம் தடிமனுக்குச் சீட்டுகள். செய்தித்தாளிலிருந்து வெட்டியது, பைபிளிலிருந்து எழுதியது, சோப்பு விளம்பரம், சமையல் குறிப்பு. இருபது நிமிஷம் இருவரும் விரல் தேயப் புரட்டினார்கள். வினிஃப்ரெட்டின் கையெழுத்தில் சமீபத்தில் எழுதியது ஒன்றுகூட இல்லை. மணி பதினொன்றே கால்.

அந்தக் காட்சியைக் காணப் பொறுக்காமல் ஹாஸ்கெல் தாமாகவே ஒரு சீட்டோடு வந்தார். 'ஒரே குடும்பத்துச் சொற்களைத் தனித்தனியே வைப்பதில்லை. மறைத்தல், மூடுதல், புதைத்தல், பதுக்குதல் எல்லாவற்றின் வித்தியாசத்தையும் ஒரே பத்தியில் எழுதுவோம். அந்தப் பத்திக்கு வீடு ஹைட். சீட்டுகளும் அங்கேதான்.'

டூலி ஹெச் பெட்டிகளுக்குத் தாவினான். அந்த இடம் காலியாக இருந்தது. ஹாஸ்கெல் அலுப்போடு இன்னொரு சீட்டு நீட்டினார். 'இப்போது திருத்திக்கொண்டிருப்பது ஹெச். வேலை நடக்கிற எழுத்து எப்போதும் தலைவர் அறையில் இருக்கும். டபிள்யூவுக்கு இன்னும் ஆறு வருஷம் ஆகும். அதுவரை அந்தப் பக்கம் யாரும் போக மாட்டோம்.'

கடைசி இரண்டு வாக்கியங்களைப் படித்ததும் டூலிக்கு முகம் வாடிவிட்டது. அதை ஹெஸ்டர் கவனித்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

தலைவரின் அறையை ஷெரீஃபின் ஆட்கள் இரண்டு தடவை அலசியிருந்தார்கள். மாத்திரை தேடினார்கள், விஷம் தேடினார்கள். மேஜைமேல் குவிந்திருந்த காகிதத்தை யாரும் படிக்கவில்லை. அகராதிச் சீட்டை யார் படிப்பார்கள்? ஜுடித் கொடுத்த சாவியால் ஹெஸ்டர் கதவைத் திறந்து, உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள். இங்கே தணிந்த குரலில் பேசலாம்.

மேஜை நடுவில் நாடா கட்டிய ஒரு கட்டு இருந்தது. மேலே ஹைட் என்று எழுதியிருந்தது.

"பென்சில்ல இருக்கறதெல்லாம் மத்தவங்க எழுத்து," என்றாள் ஹெஸ்டர். "சிவப்பு மை தலைவருக்கு மட்டும். அதையும் ஹாஸ்கெல் சீட்டுல எழுதிக் காட்டினார். நீ பாத்ரூம் போயிருந்தப்ப."

டூலி சிவப்பு மைக் குறிப்புகளைத் தேதி வாரியாகப் புரட்டினான். ஜனவரியில் எழுதியவற்றைப் பார்த்ததும் அவன் நெற்றி சுருங்கியது. பாதி வாக்கியத்தில் வெறும் கோடு போட்டு இடம் விட்டிருந்தது. ஒரே கேள்வி மூன்று சீட்டில் மூன்று தடவை. ஓரிடத்தில், 'இதற்குச் சரியான சொல் நேற்று தெரிந்தது, இன்று வரவில்லை' என்று எழுதி, கீழே பேனாவை அழுத்தியே காகிதத்தில் ஓட்டை போட்டிருந்தார். பிப்ரவரிக் குறிப்புகள் வேறு ஆள் எழுதியதுபோல இருந்தன. நறுக்கென்று, குறும்பாக, ஒரு சொல்கூட வீண் இல்லாமல்.

"பாஸ், ஜனவரில இந்த மனுஷனுக்குப் பேச்சே வரலை போலிருக்கு. பிப்ரவரில எங்கேருந்து வந்துது?"

ஹெஸ்டர் மூன்று சீட்டுகளை எடுத்து வரிசையாக வைத்தாள். ஒரு குண்டூசி குத்தி ஒன்றாக வைக்கப்பட்டிருந்தவை அவை. மேலே வினிஃப்ரெட்டின் எழுத்தில், 'கன்சீல்: செயல் எதுவும் செய்யாமல், சொல்லாமல் இருப்பதாலும் நிகழும்' என்று ஒரு குறிப்பு.

முதல் சீட்டு, ஒரு செய்தித்தாள் துண்டு. கிணற்றில் தண்ணீர் கெட்டுப்போனது தெரிந்தும் பண்ணையை வாங்க வந்தவனிடம் சொல்லாமல் 'மறைத்த' ஒருவனைப் பற்றியது. இரண்டாவது, பழைய கோர்ட்டுத் தீர்ப்பு ஒன்றிலிருந்து. மூன்றாவது புத்தகத்திலிருந்து எடுத்தது இல்லை. காதால் கேட்டது. கேட்ட வாக்கியத்தை அப்படியே எழுதி, பேசியவர், இடம், நேரம் எல்லாம் குறிக்க வேண்டும் என்பது அங்கே விதி. வினிஃப்ரெட் விதியை ஒரு புள்ளி பிசகாமல் நிறைவேற்றியிருந்தாள்.

'பேசியவர்: ஆ. ஸ்டிக்னி. இடம்: பின்படிக்கட்டு. பிப்ரவரி 3, காலை 9.10. "மாத்திரையை டபிள்யூவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன், வினி. அதைச் சாப்பிட்டால் எனக்குச் சொல் வருவதில்லை. ஹெச் முடியட்டும், மறுபடி சாப்பிடுகிறேன். அதுவரை ஜுடித்திடமிருந்து நீ இதை மறைத்தால் போதும்."'

டூலி அதை இரண்டு தடவை படித்தான்.

"அவரேவா?" என்றான். "அவரே ஒளிச்சு வெச்சாரா?"

"அவரேதான்."

"ரகசியம் சொன்னா எல்லாரும் காதோட வெச்சுப்பாங்க. இவங்க என்னடான்னா எழுதி, தேதி போட்டு, நேரம் போட்டு, குண்டூசி குத்தி... அதையும் அவர் மேஜைலயே கொண்டுவந்து வெச்சிருக்காங்களே!"

"நல்ல வாக்கியம் காதுல விழுந்தா அவங்களால சும்மா இருக்க முடியாது, டூலி. பழக்கம். பின்பக்கம் பாரு."

பின்பக்கம் சிவப்பு மை. பிப்ரவரி எழுத்து, நறுக்கென்று இருந்தது.

'சான்று ஏற்கப்படவில்லை. பேசியவர் அவசரத்தில் தவறான சொல்லைப் பயன்படுத்தினார். ஒளித்தது நான். நீ வாயைத் திறக்காமல் இருக்கிறாய், அவ்வளவுதான். சும்மா இருப்பது மறைப்பது ஆகாது. பத்தியை மாற்றி எழுது. – ஆ.ஸ்.'

ஜன்னலுக்கு வெளியே கூரைப் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. ஹெஸ்டர் மூன்று சீட்டையும் மறுபடி குண்டூசியில் குத்திக் கைப்பையில் வைத்தாள்.

கோர்ட்டுக்கு நாற்பது நிமிஷப் பயணம். டூலிதான் வண்டியை ஓட்டினான். சேற்றில் சக்கரம் வழுக்கியது. மேப்பிள் மரங்களில் சாறு பிடிக்கும் வாளிகள் தொங்கின. அவன் ஒரு தடவைகூட அவற்றைப் பற்றிக் கிண்டல் அடிக்கவில்லை.

"பாஸ்."

"சொல்லு."

"பாட்டிலைக் கண்டுபிடிச்சப்ப ஷெரீஃப் பக்கத்துல இருந்தார். நான்தான் சொன்னேன். 'டபிள்யூ பக்கம் ஆறு வருஷத்துக்கு ஒரு நாய் எட்டிப் பாக்காது, இதெல்லாம் இங்க இருக்கற ஆளுங்களுக்குத்தான் தெரியும், அதுவும் கால அட்டவணை போடற அந்தம்மாவுக்கு அத்துப்படி'ன்னு. சும்மா சிரிக்கறதுக்குச் சொன்னேன். மறுநாள் காலைல அவங்களைக் கூட்டிட்டுப் போயிட்டார்." அவன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். "அஞ்சு நாளா உங்ககிட்ட சொல்லலை."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஷெரீஃப் அன்னிக்கே சொல்லிட்டார். உன் ஜோக்கைப் பத்துப் பேர்கிட்ட சொல்லியிருக்கார் அந்த மனுஷன்."

"அப்ப ஏன் நீங்க கேக்கலை?"

"நீயா சொல்றியான்னு பாத்தேன். ரோட்டைப் பாத்து ஓட்டு."

கோர்ட்டை ஒட்டிய லாக்கப்பின் முன்னறையில் ஷெரீஃப் பர்டிக் வேகவைத்த பீன்ஸும் ரொட்டியும் தின்றுகொண்டிருந்தார். மணி ஒன்றரை. ஜுடித் ஸ்டிக்னி சுவரோரப் பெஞ்சில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயசு. பத்து வயசிலிருந்து வினிஃப்ரெட்டைத் தெரியும். பெஞ்சிலிருந்து பார்த்தால் கம்பிக்குப் பின்னால் அவள் தெரிவாள் என்பதால் வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் திரும்பி இருந்தாள்.

ஹெஸ்டர் ஷெரீஃபின் தட்டை நகர்த்திவிட்டுச் சீட்டை வைத்தாள். அவர் படித்தார். திருப்பிப் படித்தார். வாயிலிருந்த ரொட்டியை விழுங்க மறந்துபோனார்.

"இது கிழவர் எழுத்துதானா?"

"சிவப்பு மை அந்தக் கட்டடத்துல அவர் ஒருத்தருக்குத்தான். ஹாஸ்கெல் சத்தியம் பண்ணுவார். சீட்டுல பண்ணுவார், ஆனா பண்ணுவார்."

"அப்ப இந்தம்மா எதுக்கு ஒத்துக்கிட்டா?"

"நீங்க ஒளிச்சியான்னு கேட்டீங்க. அவ எழுதினதைச் சரியாப் படிங்க. ஒளிச்சேன்னு அவ சொல்லவே இல்லை."

கம்பிக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது. "மிஸ் க்வின்லன்." மாடியில் பழகிய குரல். காதைத் தீட்டினால்தான் கேட்கும்.

வினிஃப்ரெட் எழுந்து கம்பியருகே வந்திருந்தாள். ஒல்லியான உருவம், ஐம்பத்து நாலு வயசு, சட்டைக் கைப்பட்டியில் பென்சில் கரி.

"அதை ஜுடித்கிட்ட காட்டாதீங்க. தயவுசெஞ்சு. அது ஆபீஸ் கோப்பு. வெளியாளுக்குக் காட்டக் கூடாது."

"அவ அப்பாவைப் பத்தின விஷயம்," என்றாள் ஹெஸ்டர்.

"அதனாலதான் சொல்றேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவ போன் பண்ணுவா. அவர் மாத்திரை போட்டாச்சுன்னு சொல்வார். அவரைப் பத்தி அவளுக்குக் கடைசியா மிஞ்சறது இதுவா இருக்க வேண்டாம். என்மேலயே இருக்கட்டும். நியாயமாப் பாத்தா என்மேலதான் இருக்கணும்."

ஹெஸ்டர் தயங்கினாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் தயங்கி டூலி பார்த்தது அதுதான் முதல் தடவை. கட்டணம் கொடுத்து உண்மையைக் கேட்டவள் ஒருத்தி, அந்த உண்மையைச் சொல்லாதே என்று கும்பிடுகிறவள் இன்னொருத்தி. கடிகாரம் ஒன்று நாற்பதைக் காட்டியது.

டூலி மேஜையிலிருந்து சீட்டை எடுத்தான்.

"மன்னிச்சுக்கோங்க மிஸ் டோபி," என்றான். "நீங்க இங்க இருக்கறதுக்குப் பாதிக் காரணம் என் வாய். அதை மூடிக்கிட்டு அஞ்சு நாள் இருந்து பாத்தேன். என்னால முடியலை. நீங்க ஆறு வாரம் இருந்திருக்கீங்க." அவன் போய் ஜுடித்தின் கையில் சீட்டைக் கொடுத்தான்.

அவள் முன்பக்கம் படித்தாள். பின்பக்கம் படித்தாள். அழுவாள் என்று டூலி எதிர்பார்த்தான். அவள் சீட்டை மடியில் வைத்து, அதன் மடங்கிய ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

"ஜனவரில அவர் பேசினா எனக்குப் பயமா இருக்கும்," என்றாள். "நடுவுல நின்னுடுவார். என் பையன் பேரு வராது. பிப்ரவரில திடீர்னு பழைய அப்பாவா ஆயிட்டார். போன்ல என்னைக் கேலி பண்ணினார். புது மாத்திரை நல்லா வேலை செய்யுதுன்னு நான் டாக்டருக்கு நன்றிக் கடிதம் எழுதினேன்." அவள் எழுந்து கம்பியருகே போனாள். "வினி, நான் உங்ககிட்டயும் கேட்டேன். அவர் மாத்திரை போடறாரான்னு. ரெண்டு தடவை."

"ஆமா."

"நீங்க, 'நல்லா இருக்கார்'னு சொன்னீங்க."

"நல்லா இருந்தார். அது உண்மை. அதனாலதான் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தேன்." வினிஃப்ரெட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "சொன்னா நீ அவரை ஒஹாயோவுக்குக் கூட்டிட்டுப் போயிடுவே. ஹெச் நின்னுடும். அவருக்காகத்தான் சொல்லலைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அவர் போயிட்டா அந்த மாடில எனக்கு யாரும் இல்லை, ஜுடித். அதுவும்தான் காரணம்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்."

"பண்ணியிருக்கலாம்."

ஜுடித் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சீட்டைக் கம்பி வழியாக நீட்டி, சிவப்பு எழுத்தைக் காட்டினாள். "அப்பா இங்க தெளிவா எழுதியிருக்கார். சும்மா இருக்கறது மறைக்கறது ஆகாதுன்னு. கொன்னது நீங்க இல்லை. அவரே தீர்ப்புச் சொல்லிட்டுத்தான் போயிருக்கார்."

ஷெரீஃப் தொண்டையைக் கனைத்தார். வாயைத் திறக்காமல் இருந்ததற்குச் சட்டத்தில் தண்டனை இல்லை என்றார். அரசாங்க வக்கீலுக்குப் போன் போட்டார். பிறகு மூல வாக்குமூலத்தைக் கோப்பிலிருந்து உருவிக் கதவைத் திறந்தார். "இந்தாங்க. கிழிச்சுப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க."

வினிஃப்ரெட் வாங்கிக்கொண்டாள். கிழிக்கவில்லை. டூலியின் சட்டைப்பையிலிருந்த பென்சிலை, கேட்காமலே எடுத்தாள். மேஜையில் குனிந்து முதல் வாக்கியத்தை ஒரே கோட்டில் அடித்தாள். இரண்டாவதில் ஒரு சொல்லைத் தாண்டிப் போனாள். 'அவர் இறந்ததற்கு நானே காரணம்' என்ற இடத்தில் பென்சில் நின்றது. ஜுடித் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்த வரியிலும் மெல்லிசாக ஒரு கோடு விழுந்தது. கடைசி வாக்கியத்தையும் அடித்தாள். ஓரத்தில் முதலெழுத்து, தேதி, 3 என்று போட்டு நீட்டினாள்.

ஷெரீஃப் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "அம்மா, நடுவுல ஒரு சொல்லை அடிக்காம விட்டுட்டீங்களே. 'மறைத்தேன்'னு இருக்கு."

"தெரியும்," என்றாள் வினிஃப்ரெட். "அந்தப் பத்தியில அவர் சொன்னது தப்பு. நான் மாத்தப் போறதில்லை."

பென்சிலை டூலியின் பையில் திரும்ப வைத்துவிட்டு, அவள் தன் கோட்டைத் தேடிப் போனாள்.